கம்பெனிக்குக் கால் கிடையாது

தளவாய்க்குக் கால் திரும்பி வந்தது ஆஸ்பத்திரியில் அல்ல, வக்கீல் ஆபீஸில்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் வக்கீலம்மா சங்கரகோமதி. "தப்பு வண்டி மேலன்னு கோர்ட்டு முடிவு பண்ணினா, கம்பெனி பணம் கொடுக்கும். தப்பு டிரைவர் மேலன்னு முடிவு பண்ணினா, டிரைவர் கால் கொடுக்கணும். கம்பெனிக்குக் கால் கிடையாது. உங்களுக்கு எது வேணும்?"

சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? தளவாய் பக்கத்தில் நின்ற மனைவி ஆவுடையைப் பார்த்தார். ஒன்றரை வருஷமாக அவரைத் தூக்கி இறக்கி ஆவுடைக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அப்போதும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"காலு," என்றார் தளவாய்.

கோவில்பட்டிப் பக்கம் கல்யாணம் வைப்பவர்கள், சமையல் யார் என்று கேட்ட கையோடு, பந்தி தளவாய்தானே என்றும் கேட்பார்கள். அப்படி ஒரு பேர் அவருக்கு. கல்யாண மகால்காரர்கள் இன்னும் நாலு பேரை உட்கார வைக்கிற ஆசையில், மேசை வரிசைகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருச்சாய்ந்து போகிற அளவுக்குத்தான் இடம் விடுவார்கள். அந்தச் சந்துக்குள் ரச வாளியோடு நுழைந்து, பக்கவாட்டில் கால் மாற்றி மாற்றி வைத்து, ஒரு பட்டுச்சேலையிலும் துளி சிந்தாமல் மறுமுனைக்குப் போய்விடுவார் தளவாய். அவர் நடக்கிறார் என்று சொல்ல மாட்டார்கள், வழுக்கிக்கொண்டு போகிறார் என்பார்கள். ஒரு நாள் மகாலுக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்ற வண்டியிலிருந்து வாழையிலைக் கட்டை இறக்க ரோட்டைக் கடந்தவரை ஒரு மினி பஸ் அடித்தது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் தப்பவில்லை.

இயக்க ஈட்டுச் சட்டம் வந்து அப்போது சில வருஷங்கள் ஆகியிருந்தன. நல்ல மனசோடு போட்ட சட்டம்தான். காலை இழந்தவனுக்குப் பணத்தைக் கொடுத்து என்ன பிரயோஜனம், கவனக்குறைவால் காலைப் பறித்தவன் தன் காலில் ஒரு பங்கைக் கொடுக்கட்டும் என்றது சட்டம். அதற்கான வசதியும் வந்துவிட்டது. இரண்டு பேர் முதுகுத்தண்டிலும் அரிசி அளவில் ஒரு சில்லு, இடுப்பில் ஒரு பட்டை, நடுவில் செல்போன் கோபுரம். கொடுப்பவருடைய தண்டுவடத்தின் வேலையை வாங்குபவருடைய கால்களுக்குத் திருப்பி விடலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் நடக்க முடியாது. இவர் நடக்கிற நேரம் அவர் படுத்திருக்க வேண்டும். பத்திரிகைகள் பாராட்டின. டிரைவர் சங்கங்கள் கத்திப் பார்த்தன, யார் காதிலும் விழவில்லை.

வழக்கு சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம் உண்டு. டிரைவர் மிக்கேல் பிரேக் பிடிக்கவில்லை என்றான். எங்கள் வண்டியில் பிரேக் பளிச்சென்று இருந்தது, இவன்தான் பராக்குப் பார்த்தான் என்றது கம்பெனி. வழக்கமாக அடிபட்டவரின் வக்கீல் கம்பெனியின் சட்டையைப் பிடித்து உலுக்குவார். இந்தச் சட்டம் வந்தபிறகு அது நின்றுபோனது. தப்பு டிரைவர் மேல் விழுந்தால் கம்பெனிக்கும் லாபம், அடிபட்டவருக்கும் லாபம். இரண்டு பக்கமும் சேர்ந்து சதி செய்யவில்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள், அவ்வளவுதான்.

கூண்டில் தளவாயிடம் ஒரு கேள்விதான் கேட்கப்பட்டது. "பஸ் உங்க மேல மோதறதுக்கு முன்னாடி பிரேக் போட்ட சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கல ஐயா," என்றார் தளவாய். அது சத்தியமான பதில். அந்தப் பதிலில் தீர்ப்பு முடிந்துவிட்டது. தினம் நாலு மணி நேரம், ஆயுள் முழுவதும்.

முதல் தடவை நடந்த நாளில் ஆவுடை அழுத அழுகையைத் தெருவே பார்த்தது. அடுப்படியிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து அடுப்படிக்குமாக அவர் நடக்க, ஆவுடை பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனாள், குழந்தைக்குப் பின்னால் போகிற மாதிரி. சாயங்காலம் சக்கர நாற்காலியைத் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டாள். "இனி அது அங்கேயே கெடக்கட்டும்," என்றாள். நாலு மணி நேரம் போக மிச்ச நேரம் அவர் கட்டிலில் இருந்தாலும், அவளுக்கு அந்த நாற்காலியைக் கண்ணால் பார்க்கக்கூடாது.

முகூர்த்த நாட்களில் தளவாய் காலை நேரத்தை வாங்கிக்கொள்வார். மற்ற நாட்களில் சாயங்காலம். முந்தின நாளே போனில் நேரத்தைக் குறித்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தப் பக்கம் படுத்துக்கிடப்பவனைப் பற்றி அவர் நினைக்கவில்லை. நினைத்தாலும், பராக்குப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டியவன்தானே என்று நினைப்பு முடிந்துவிடும்.

ஆறாவது மாசம் வாக்கில், எட்டயபுரம் ரோட்டில் ஒரு வளைகாப்புப் பந்தி. தளவாய் ரச வாளியோடு சந்துக்குள் பாதி தூரம் போயிருந்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிள்ளை அவருக்கு முன்னால் விருட்டென்று ஓடியது. அவர் நின்றுவிட்டார், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய வலது கால் நிற்கவில்லை. தரையைப் போட்டு மிதித்தது. தூக்கி மறுபடியும் மிதித்தது. இன்னும் ஓங்கி, மறுபடியும். வாளி ஆடி, மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறை ஆகிற ஒரு அம்மாளின் மடியில் ரச அபிஷேகம் நடந்தது.

"என்ன தளவாயி, தாளம் போடுதியா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பாகத்தான் போனது. ஆனால் அடுத்த வாரம் வீட்டில் ஆவுடை கை தவறிக் குண்டானைப் போட்டபோதும் அதே கால் அதே மாதிரி மிதித்தது. ரோட்டில் பைக் ஒன்று குறுக்கே வந்தபோதும்.

சில்லுப் பட்டையைப் பார்த்துக்கொள்கிற நிலையத்தில் ஷபீனா என்கிற பெண் இருந்தாள். அவள் பட்டையில் இருக்கிற சின்ன விளக்கைக் காட்டினாள். "நீங்களா காலை அசைச்சா பச்சை எரியும். அந்தப் பக்கத்து ஆளோட தண்டுவடம் தானா அசைச்சா சிவப்பு எரியும். உங்களுக்கு எரிஞ்சது சிவப்புன்னு பட்டையில பதிவாயிருக்கு. தண்டுவடத்துக்கும் பழக்கம் இருக்கு சார். திரும்பத் திரும்பச் செஞ்சது, இல்லன்னா ஒரே ஒரு தடவை உயிரு போற மாதிரி செஞ்சது, ரெண்டும் அதுல தங்கிரும். ஆளே மறந்தாலும் அது மறக்காது. உங்க பழக்கமும் அவருக்குப் போயிருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல."

தளவாய் பயப்படவில்லை. எரிச்சல்தான் பட்டார். கொடுக்கிற காலை ஒழுங்காகக் கொடுக்கக்கூடாதா?

அந்த எரிச்சல் ஆவுடையின் தம்பி முருகேசபாண்டியன் வந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் இருந்தது. அவன் லாரி டிரைவர். சாயங்காலம் காபி குடித்துவிட்டு நடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு நாய் சட்டென்று குறுக்கே ஓட, தளவாயின் கால் மிதித்தது. விட்டு, விட்டு, மூன்று தடவை.

முருகேசபாண்டியன் சிரித்துவிட்டான். "என்ன அத்தான், பிரேக் பிடிக்கலையா?"

"என்னலே சொல்லுத?"

"இல்ல, பிடிக்கிற வண்டின்னா ஒரே மிதிதான், அப்படியே அழுத்திக்கிட்டுப் போயிருவோம். பிடிக்காத வண்டியிலதான் இப்படி விட்டு விட்டு மிதிப்போம். ஏதாவது ஒரு மிதியில அழுத்தம் ஏறிப் பிடிச்சிராதான்னு. உயிர் போற அவசரத்துல வார மிதி அத்தான் இது. எனக்கு ஒரு தடவ கயத்தாறு இறக்கத்துல..." அவன் தன் கதைக்குப் போய்விட்டான்.

தளவாய்க்கு அந்தக் கதை காதில் ஏறவில்லை. இடுப்புப் பட்டையில் சிவப்பு விளக்கு இன்னும் அணையாமல் இருந்தது. அன்றைக்கு ரோட்டில் அவர் கேட்காத சத்தம் எது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பிரேக் போடாத வண்டிக்கும் சத்தம் இல்லை. பிரேக் பிடிக்காத வண்டிக்கும் சத்தம் இல்லை.

ரெண்டு நாள் பந்திக்கும் போகவில்லை. மூன்றாவது நாள் வக்கீல் ஆபீஸுக்குப் போனார்.

சங்கரகோமதி எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரு தடவை எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லைன்னு நான் வச்சுக்கறேன்," என்றார். "வீட்டுக்குப் போங்க. நடங்க."

"சொன்னா என்ன ஆகும்மா?"

"வழக்கைத் திரும்பத் திறக்கணும். பிரேக் கோளாறுன்னு ஆச்சுன்னா டிரைவர் மேல தப்பு இல்ல. தப்பு இல்லாதவன்கிட்ட கால் வாங்கச் சட்டத்துல இடம் இல்ல. கம்பெனி பணம் கட்டும், அதையும் இழுத்தடிச்சுக் கட்டும். நீங்க மறுபடியும் நாற்காலி. இதுல பாதிக்குப் பாதி எல்லாம் பேச முடியாது அண்ணாச்சி."

"அந்த ஆளே போய்ச் சொன்னா?"

"ஏற்கெனவே சொன்னாரே, நம்பினாங்களா? இப்ப அவர் மிதிச்சுக் காட்டினா நடிப்பும்பாங்க. உங்களுக்கு எரியற சிவப்பு விளக்கு மட்டும்தான் நடிக்காது. உலகத்துலேயே அவருக்கு இருக்கிற ஒரே சாட்சி நீங்கதான். அது அவருக்குத் தெரியாது. தெரிய வைக்கிற கடமை உங்களுக்கோ எனக்கோ சட்டப்படி கிடையாது." பேனாவை மூடி வைத்தார். பிறகு குரல் தணிந்தது. "அந்தக் கேள்வியை உங்ககிட்ட கேட்டது நான்தான். பிரேக் சத்தம் கேட்டுச்சான்னு. அதுக்கு அடுத்த கேள்வி எதுன்னு எனக்கு அப்பவே தெரியும். கேட்கல."

வீட்டில் ஆவுடையிடம் சொன்னபோது அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நாம கேட்டா வாங்கினோம்? கோர்ட்டு கொடுத்தது."

"கோர்ட்டு எம்பேச்சக் கேட்டுத்தானட்டி கொடுத்தது."

"எனக்கு ஞாயம் தெரியாதுன்னு நெனைக்காதீங்க," என்றாள். இப்போது கை நின்றுவிட்டது. "தெரியும். ஆனா உங்களத் தூக்கினது நான். ராவும் பகலும் புண்ணு வராம திருப்பிப் போட்டது நான். நீங்க நடந்து போயி நாலு பேருக்குச் சோறு போட்டுட்டு வாரப்ப உங்க மொகம் எப்படி இருக்குன்னு பாக்குதவளும் நான்தான். அதை எங்கிட்ட இருந்து பிடுங்கணும்னா பிடுங்கிக்கோங்க. போயிட்டு வாங்கன்னு மட்டும் என்னச் சொல்லச் சொல்லாதீங்க."

தளவாய் சொல்லச் சொல்லவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவரால் தள்ள முடியவில்லை. அன்றைக்கு முழுக்க, பேசாமல் இருந்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தார். ஒரு தடவை அந்த ஆளைப் பார்த்துவிட்டால் மனசு அமைதியாகிவிடும் என்று தோன்றியது. பார்த்தால் ஒருவேளை குடிகாரனாக இருப்பான். முரடனாக இருப்பான். இருந்தால் நல்லது.

காலை வாங்கினவரும் கொடுத்தவரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்பது கோர்ட்டு உத்தரவு. அடுத்த நாள் சாயங்காலம் தன்னுடைய நடை நேரத்தில், தீர்ப்பு நகலில் இருந்த விலாசத்துக்கு ஆட்டோ பிடித்து, மிக்கேல் இருக்கிற தெருவில் போய் இறங்கினார். கதவைத் தட்டினார்.

"யாரு? கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. தள்ளிட்டு உள்ள வாங்க. எனக்கு எந்திரிக்க முடியாது."

எந்திரிக்க முடியாதது ஏன் என்று உலகத்தில் தளவாயைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அந்த ஆளுடைய காலில் நின்றுகொண்டு அந்த ஆளுடைய கதவைத் தட்டுகிறோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. உள்ளே போனார்.

ஒற்றை அறை. கட்டிலில் முப்பத்தைந்து வயசுக்காரன் ஒருவன் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்திருந்தான். சுவரில் வேளாங்கண்ணி மாதா படம். அதற்குப் பக்கத்திலேயே ஒரு தினசரிக் காலண்டர், முகூர்த்த நாட்களிலெல்லாம் சிவப்பு வட்டம் போட்டபடி.

வந்தவரை அவனுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. "அண்ணாச்சி, நீங்க இங்க வரக்கூடாதே. யாராவது பாத்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

தளவாய் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டார். பிறகு இடுப்புப் பட்டையை அணைத்தார்.

கட்டிலில் மிக்கேலின் கால்விரல்கள் அசைந்தன. அவன் தன் கால்களையும் தரையில் இருந்த மனிதரையும் மாறி மாறிப் பார்த்தான். எழுந்து முதல் வேலையாக ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே தாராளமாக நேராக நடக்க இடம் இருந்தது. அவன் ஒருச்சாய்ந்து, பக்கவாட்டில் கால் மாற்றி வைத்து வந்தான்.

தளவாய் செம்பை வாங்காமல் காலையே பார்த்தார். "இந்த நடை எங்க படிச்சீங்க?"

மிக்கேல் கூச்சத்தோடு சிரித்தான். "நீங்க கொடுத்ததுதான். எம்பொண்டாட்டி கேலி பண்ணுதா. யாருக்கு ரசம் ஊத்தப் போறீங்கன்னு." காலண்டரைக் காட்டினான். "இதுக்கும் சிரிக்கா. வேதக்காரன் வீட்டுல எதுக்குங்க முகூர்த்தம்னு. நீங்க என்னைக்குக் காலையில எடுப்பீங்கன்னு தெரிஞ்சாத்தான கூலி வேலைக்காவது சொல்லி வைக்கலாம். அதான்."

"வேலை கிடைக்கா?"

"நாளைக்கு எந்த நேரத்துல கால் இருக்கும்னு இன்னைக்குத்தான தெரியும். அப்படி ஆள யாரு வச்சுக்குவா? லைசென்ஸும் போச்சு. அவ தீப்பெட்டி ஆபீஸ் போறா, ஓடுது." ஆடிய காலண்டரை நேராக்கினான். "அதெல்லாம்கூடப் பரவால்ல அண்ணாச்சி. பையன ஸ்கூல்ல கால்கொடுத்தான் மகன்னு கூப்பிடுதானுங்க. எங்கப்பா மேல தப்பு இல்லன்னு அவன் சண்ட போட்டுட்டு வாரான். அவன் ஒருத்தன்தான் நம்புதான்."

தளவாய் தண்ணீரைக் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார். "அன்னைக்கு எத்தன தடவ மிதிச்சீங்க?"

மிக்கேல் முகம் மாறிவிட்டது. இந்தக் கேள்வியை அவனிடம் கோர்ட்டில்கூட யாரும் கேட்கவில்லை. "மூணு தடவ. பெடலு பஞ்சுக்குள்ள போற மாதிரி போச்சு. நாலாவது மிதிக்கதுக்குள்ள நீங்க கண்ணாடிக்கு முன்னால இருந்தீங்க. ஒரு வாரமா பிரேக் சரியில்லன்னு கம்பெனி ஷெட்டுல சொல்லிக்கிட்டே இருந்தேன். இந்த ஒரு டிரிப்பு ஓட்டு, இந்த ஒரு டிரிப்பு ஓட்டுன்னாங்க." கட்டிலில் உட்கார்ந்தான். "எனக்கு உங்க மேல கோவம் இல்ல. கேக்கலன்னு சொன்னீங்க. கேட்டிருக்காதுதான். படுத்துக் கெடக்கும்போது, அந்த மனுசன் இப்ப நடந்துக்கிட்டிருக்காருன்னு நெனைச்சுக்குவேன். வண்டி ஓட்டினவன் நான்தானே. அதுல ஒரு ஆறுதல் இருக்கு, பொய் சொல்லக்கூடாது."

குடிகாரனாக இருந்திருக்கலாம். முரடனாக இருந்திருக்கலாம். தளவாய்க்கு அழுகை வந்தது, மறைக்காமல் அழுதார்.

மறுவிசாரணைக்கு மனுப் போட ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சங்கரகோமதி முதலில் அடம்பிடித்தார். "உங்களுக்காக வாதாடி ஜெயிச்ச கேஸை நானே தோக்கடிக்கணுமா?" என்றார். பிறகு அவரே தனக்குள் பேசுகிற மாதிரி, "அந்த அடுத்த கேள்வியைக் கேட்டுத்தான் ஆகணும் போல," என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார்.

விசாரணை நாளில் தீர்ப்பாயத்தில் நிற்க இடமில்லை. தனக்குக் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க வந்த மனுஷனைப் பார்க்கப் பக்கத்துக் கோர்ட்டு வக்கீல்களெல்லாம் வந்திருந்தார்கள். தளவாய் கூண்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்றுகொண்டிருந்ததால் எதிர்ப்பக்கம் மிக்கேல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆவுடையும் வந்திருந்தாள். ஆனால் பரணிலிருந்து நாற்காலியை இறக்கவில்லை. இறக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

ஷபீனா பட்டையின் விளக்கைப் பற்றி விளக்கினாள். கம்பெனி வக்கீல் எழுந்து, இது ஏதோ பரிதாபத்தில் போடுகிற நாடகம் என்றார். நீதிபதி டவாலியைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். கம்பெனி வக்கீல் பேசிக்கொண்டே இருக்க, தளவாய்க்குப் பின்னால் டவாலி ஒரு பித்தளைத் தட்டைத் தரையில் போட்டார்.

கூண்டின் பலகை அதிர்ந்தது. ஒன்று. விட்டு, ரெண்டு. விட்டு, மூன்று. மூன்று தடவையும் விளக்கு சிவப்பாக எரிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். இன்னொரு தடவை போடச் சொன்னார் நீதிபதி. இன்னொரு தடவையும் அப்படியே. கம்பெனி வக்கீல், சாட்சி சொல்லத் தான் கூட்டி வந்திருந்த டாக்டர் பக்கம் திரும்பினார். டாக்டர் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சங்கரகோமதி எழுந்தார். "போன விசாரணையில நான் உங்களை ஒரு கேள்வி கேட்டேன். பிரேக் போட்ட சத்தம் கேட்டுச்சான்னு."

"ஆமாம்மா. கேக்கலன்னு சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்லுதேன்," என்றார் தளவாய். "பிடிச்சாத்தான கேக்கும்."

நீதிபதி வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டிரைவர் மேல தப்பு இல்லன்னு ஆகுது. பொறுப்பு கம்பெனியோடது. பழைய உத்தரவை ரத்து பண்றதைத் தவிர சட்டம் எனக்கு வேற வழி வைக்கல. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமில்லையா?"

"தெரியும் ஐயா."

"அப்ப முதல்ல எங்கயாவது உட்காருங்க. நீங்க உட்கார்ந்த பிறகு கையெழுத்துப் போடறேன். அவசரமில்ல."

தளவாய் கூண்டைவிட்டு இறங்கினார். ஆவுடை பக்கம் வருவார் என்று வழிவிட்டார்கள். அவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். கூட்டத்தில் பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருச்சாய்ந்து போகிற அளவுதான் இடம் இருந்தது. அவருக்கு அது போதும். ஒரு கையை இடுப்பருகில் வாளி பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் கால் மாற்றி மாற்றி, யார் மேலும் படாமல் போனார். அவ்வளவு மெதுவாக அவர் எந்தப் பந்தியிலும் போனதில்லை. மிக்கேலின் நாற்காலிக்குப் பக்கத்து பெஞ்சு நுனியில் போய் உட்கார்ந்து, நீதிபதியைப் பார்த்துத் தலையாட்டினார்.

பேனா ஓடியது. ஷபீனா பட்டையை அணைத்தாள். மின்சாரம் போன வீடு மாதிரி கால்கள் அடங்கின.

மிக்கேல் எழுந்தான். நாற்காலி காலியானது. என்ன செய்வது என்று தெரியாமல் அவன் நாற்காலியின் பிடியைப் பிடித்தபடி நின்றான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆவுடை வந்து சேர்ந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தோள் பக்கம் பிடிங்க தம்பி," என்றாள். "நான் கால் பக்கம் பிடிக்கேன். இவரத் தூக்கதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. பாத்துக்கோங்க."

இரண்டு பேரும் சேர்ந்து தளவாயை அந்த நாற்காலியில் இறக்கினார்கள். மிக்கேல் தள்ளினான். ஆவுடை ஒரு கையால் சக்கரத்துக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், ஆனால் கம்பியை விடவில்லை.

கோர்ட்டு வாசலில் சாய்தளம் ரோட்டை நோக்கி இறங்கியது. பாதி இறக்கத்தில், வெளியே யாரோ ஒரு பையன் பைக்கை வாசலுக்குக் குறுக்கே திருப்பிவிட்டான். தளவாய் தன் வலது காலைப் பார்த்தார். அது சும்மா கிடந்தது. முதுகுக்குப் பின்னால், சிமெண்டுத் தரையில் மிக்கேலின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்று. விட்டு, ரெண்டு.

"மிக்கேலு," என்றார் தளவாய். நாற்காலியின் கைப்பிடிக்குக் கீழே இருந்த பிரேக்கைப் பிடித்து இழுத்தார். "இதுல பிடிக்கும்."

சக்கரம் கிரீச்சென்றது. நாற்காலி நின்றது.